இரும்புத்தூளை எடுத்துவிடுங்கள்: சனியின் பனி நிலாவும் ஓடும் பேருந்தும்

கேள்வி: என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். சனியின் பனி நிலாவான என்செலடஸ் வாயுவைப் பீய்ச்சியடித்துச் சனியின் காந்தமண்டலத்தை (அதன் காந்தப்புலம் ஆளும் வெளியை) நிரப்புவதைப் பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு மாடலாகச் செய்தாள். நடுவில் ஒரு காந்தம், சுற்றிலும் இரும்புத்தூள், பக்கத்தில் ஒரு வெள்ளைப் பந்து. நடுவராக வந்தவர், "நீராவி என்ன இரும்பா, காந்தத்தில் போய் ஒட்டிக்கொள்ள?" என்று கேட்டார். அவள் விழித்தாள். வீட்டுக்கு வந்து என்னிடம் கேட்டாள், நானும் விழித்தேன். எப்படியோ அடுத்த சுற்றுக்குத் தேர்வாகிவிட்டது. இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அந்தக் கேள்விக்கு என்ன பதில்? மாடலில் எதை மாற்றுவது? உலர்பனி வாங்கிப் புகை விடுகிறேன் என்கிறாள், விடலாமா?
— ஒரு தாய், அல்சூர், பெங்களூரு

பதில்: அந்த நடுவர் கேட்டது நியாயமான கேள்வி. இன்னும் சொல்லப்போனால், அந்த மாடலைப் பார்த்துக் கேட்க வேண்டிய ஒரே கேள்வி அதுதான். என்செலடஸிலிருந்து கிளம்பும் நீராவியைச் சனியின் காந்தம் இழுப்பதில்லை, பிடிப்பதில்லை, தொடுவதுகூட இல்லை. காந்தப்புலம் ஒன்று இருப்பதே தெரியாதது மாதிரி அந்த மூலக்கூறுகள் சனியைச் சுற்றி அலைகின்றன. பிறகு ஏதோ ஒரு நொடியில் ஒரு மூலக்கூறு ஓர் எலக்ட்ரானை இழக்கிறது. அந்த நொடியில்தான் அது காந்தமண்டலத்தின் சொத்தாகிறது. உங்கள் மகளின் மாடல் காட்ட வேண்டியது அந்த நொடியை. இரும்புத்தூள் அதை மறைத்துவிடுகிறது, ஆகவே முதலில் அதை எடுத்துவிடுங்கள்.

என்செலடஸ் சின்ன நிலா. குறுக்களவு ஏறத்தாழ 500 கி.மீ., அதாவது பெங்களூருக்கும் மதுரைக்கும் இடையிலான சாலைத் தூரத்தைவிடக் கொஞ்சம் கூடுதல். வில்லியம் ஹெர்ஷல் 1789-இல் கண்டுபிடித்தது. பக்கத்து நிலாவான டயோனி ஒரு முறை சனியைச் சுற்றுவதற்குள் இது இரண்டு முறை சுற்றிவிடும். இந்தத் தாளம் பிசகாததால் இதன் பாதை கொஞ்சம் நீள்வட்டமாகவே இருக்கிறது. சனியை நெருங்கும்போதும் விலகும்போதும் நிலாவின் உடம்பு மாவு பிசைவதுபோல் பிசையப்படுகிறது. அந்தச் சூட்டில் பனி ஓட்டுக்குக் கீழே ஒரு கடல் உறையாமல் நிற்கிறது. தென்துருவத்தில் நான்கு நீளமான பிளவுகள், ஒவ்வொன்றும் சுமார் 130 கி.மீ. 'புலி வரிகள்' என்று செல்லப் பெயர். தண்ணீர் வெளியேறுவது இவற்றின் வழியாகத்தான்.

பனிக்கட்டி நிலாவில் ஆவி எப்படி என்று உங்கள் மகளிடம் யாராவது கேட்கலாம். கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் நம் ஊரிலேயே தண்ணீர் 97 டிகிரியில் கொதித்துவிடுகிறது. மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறையும், கொதிநிலையும் இறங்கும். காற்றே இல்லாத இடத்தில் பூஜ்யம் டிகிரித் தண்ணீரும் கொதிக்கும், கொதித்துக்கொண்டே உறையவும் செய்யும். பிளவின் வாயில் நடப்பது இதுதான். ஒரு பகுதி ஆவியாகிறது, ஒரு பகுதி நுண்ணிய பனித்துகள்களாகிறது. துகள்களில் பெரும்பாலானவை வேகம் போதாமல் நிலாவின் மீதே பனிமழையாக விழுகின்றன. தப்பிப் போனவை சனியின் 'ஈ' (E) வளையமாகியிருக்கின்றன. ஆவியின் கதை வேறு. என்செலடஸின் ஈர்ப்பிலிருந்து விடுபட விநாடிக்கு 240 மீட்டர் வேகம் போதும், ஆவியோ அதைவிட வேகமாக வருகிறது.

எவ்வளவு வருகிறது? விநாடிக்கு ஏறக்குறைய 300 கிலோ. 6,000 லிட்டர் தண்ணீர் லாரி ஒன்றை 20 விநாடியில் காலி செய்வதற்குச் சமம். லாரி எப்போது வரும் என்று பால்கனியில் காத்து நின்ற பெங்களூர்க்காரர்களுக்கு இந்தக் கணக்கு சட்டென்று புரியும். நாளொன்றுக்கு 2.6 கோடி லிட்டர் ஆகிறது. நகரத்துக்குக் காவிரி ஐந்தாம் கட்டத் திட்டம் தர வேண்டிய 77.5 கோடி லிட்டரோடு வைத்துப் பார்த்தால் முப்பதில் ஒரு பங்கு. ஒரு நகரத்துக்கு இது போதாது. ஆனால் கிட்டத்தட்ட வெற்றிடமாக இருக்கும் ஒரு காந்தமண்டலத்துக்கு இது வெள்ளம்.

நிலாவை விட்டுக் கிளம்பிய ஆவி சனியை விட்டுப் போய்விடுவதில்லை. இதைப் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். என்செலடஸ் சனியைச் சுற்றும் வேகம் விநாடிக்கு 12.6 கி.மீ. ஆவி அதோடு அரை கி.மீ. கூட்டியோ குறைத்தோ போகிறது, அவ்வளவுதான். சனியின் பிடியிலிருந்தே தப்ப வேண்டுமானால் அந்த இடத்தில் விநாடிக்குச் சுமார் 18 கி.மீ. வேண்டும். அதனால் நிலா போகும் பாதை நெடுக ஆவி சூழ்ந்துகொண்டு, சனியைச் சுற்றி உளுந்து வடை வடிவத்தில் ஒரு மேகமாகிவிடுகிறது. ஹெர்ஷல் விண்தொலைநோக்கி இந்த வடையை 2011-இல் அடையாளம் கண்டது. 2023-இல் ஜேம்ஸ் வெப் விண்தொலைநோக்கி, நிலாவிலிருந்து 9,600 கி.மீ.க்கும் மேல் நீண்டு கிடந்த ஊற்றைப் படம் பிடித்தது. வரும் நீரில் சுமார் 30 சதவீதம் வடையில் தங்குகிறது, மிச்சம் சனியின் மற்ற பகுதிகளுக்குப் பரவுகிறது என்பது அந்தப் படத்தை ஆராய்ந்த குழுவின் கணக்கு.

இனி, நடுவருக்கான பதில்.

நான் கல்லூரி போன காலத்தில் பெங்களூரில் பி.டி.எஸ். பேருந்துகள் ஓடின. கதவு கிடையாது. நிறுத்தத்தில் சரியாக நிற்காது, மெல்ல உருண்டுகொண்டே இருக்கும். கூடவே ஓடிக் கம்பியைப் பிடித்தால்தான் பயணம். கம்பியைப் பிடித்ததும் தோளில் வெட்டி இழுக்குமே, அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சனி 10 மணி 33 நிமிடத்தில் ஒரு முறை தன்னைத்தானே சுற்றுகிறது. அதன் காந்தப்புலமும் அதோடு சுழல்கிறது, புலத்தில் மாட்டிய அயனிகளும் (எலக்ட்ரானை இழந்து மின்னூட்டம் பெற்றவை) கூடவே சுழல்கின்றன. என்செலடஸ் இருக்கும் தொலைவில், அதாவது சனியின் மையத்திலிருந்து 2,38,000 கி.மீ. தள்ளி, அந்தச் சுழற்சியின் வேகம் விநாடிக்கு 39 கி.மீ. நிலாவும் அதன் ஆவியும் 12.6-இல் நடந்துகொண்டிருக்க, காந்தப் பேருந்து 39-இல் அவற்றைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கிறது. நடுநிலை மூலக்கூறுக்குக் கம்பியைப் பிடிக்கக் கை இல்லை. எலக்ட்ரான் ஒன்று கழன்று போனதும் அதற்கு மின்னூட்டம் வருகிறது. அந்த மின்னூட்டம்தான் கை. பிடித்த அந்த நொடியில் விநாடிக்கு 26 கி.மீ. வித்தியாசம் தோளை வெட்டி இழுக்கிறது.

பிடிப்பது என்றால் காந்தத்தின் முனையில் போய் ஒட்டுவது என்று பொருளில்லை. அடுத்த வருடம் உங்கள் மகள் பிளெமிங்கின் இடக்கை விதி படிப்பாள். காந்தப்புலத்தில் நகரும் மின்னூட்டத்தின் மீது பக்கவாட்டில் ஒரு விசை இருக்கும், அதனால் அது வளைந்து வளைந்து வட்டமடிக்கும் என்பதுதான் இங்கே நமக்கு வேண்டியது. வட்டமும் அடிக்கிறது, வட்டத்தின் மையம் பேருந்தின் வேகத்தில் ஓடவும் செய்கிறது. சைக்கிள் டயரில் ஒட்டிய சேறு போகும் பாதை மாதிரி. இத்தனையும் நடப்பது மிக மெல்லிய புலத்தில். பெங்களூரில் திசைகாட்டி முள்ளைத் திருப்பும் புலத்தோடு ஒப்பிட்டால் அங்கே இருப்பது நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆனாலும் ஒரு நீர் அயனியைச் சுமார் 15 கி.மீ. ஆரமுள்ள வட்டத்தில், நான்கு விநாடிக்குள் ஒரு சுற்று சுற்றவைக்க அது போதும்.

கை முளைப்பது எப்படி? சூரியனின் புறஊதாக் கதிர் எலக்ட்ரானைத் தட்டிவிடலாம். ஏற்கெனவே சுழன்றுகொண்டிருக்கும் வேகமான எலக்ட்ரான் ஒன்று மோதி இன்னொன்றைத் தள்ளிவிடலாம். இந்த இரண்டையும்விட எனக்குப் பிடித்தது மூன்றாவது வழி. அங்கே அதிகம் நடப்பதும் அதுதான். பேருந்தில் தொங்கிக்கொண்டிருக்கும் அயனி, பக்கத்தில் நடந்து போகும் மூலக்கூறிலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பிடுங்கிக்கொள்கிறது. பிடுங்கியதும் அதன் கை மறைந்துவிடுகிறது, நடந்தவனுக்கு முளைத்துவிடுகிறது. நடந்தவன் படியில் தொற்றிக்கொள்கிறான். தொங்கியவன் கீழே விழுகிறான், ஆனால் பேருந்தின் வேகத்தோடு. இப்படி வீசப்பட்ட நடுநிலை அணுக்கள் சனியைச் சுற்றி வெகுதூரம் சிதறுகின்றன, சில சனியையே விட்டுப் போய்விடுகின்றன. இதை மின்னூட்டப் பரிமாற்றம் என்கிறோம். படியில் தலைகளின் எண்ணிக்கை மாறுவதில்லை, ஆள்தான் மாறுகிறார். பரிமாற்றம் எவ்வளவு நடந்தாலும் பிளாஸ்மாவின் (அயனிகளும் எலக்ட்ரான்களும் கலந்த வாயுவின்) அளவு அதிகமாகாது, ஆனால் வாயு சிதறிக்கொண்டே இருக்கும். சனியின் காந்தமண்டலத்தில் அயனிகளைவிட நடுநிலை வாயு பத்து மடங்குக்கும் மேல் இருக்கிறது. வியாழனில் நிலைமை தலைகீழ், அங்கே அயனிகளின் ராஜ்யம்.

ஒவ்வொருவராக ஏற ஏறப் பேருந்து திணறாதா? திணறும். என்செலடஸுக்குப் பக்கத்தில் பிளாஸ்மாவின் வேகம் குறைந்துபோவதை, சனியைச் சுற்றிவந்து ஆராய்ந்த காசினி விண்கலம் அளந்திருக்கிறது. மறுபடி வேகம் பிடிக்க டீசல் யார் தருவது என்றால், சனிதான். காந்தப்புலக் கோடுகள் வழியே மின்னோட்டம் சனியின் மேல்வளிமண்டலம் வரை ஓடி, அதன் சுழற்சியிலிருந்து கொஞ்சம் இயக்கத்தைக் கடனாக வாங்கி வருகிறது. அந்த மின்னோட்டம் சனியில் இறங்கும் இடத்தில் ஒரு சின்ன ஒளிப்புள்ளி தெரிகிறது. அதைக் கண்ட செய்தி 2011-இல் வெளியானது. பூமியைப் போல் 95 மடங்கு நிறையுள்ள கோளுக்கு இந்தக் கடன் ஒரு பொருட்டே இல்லை.

கண்டுபிடித்த கதையையும் மகளுக்குச் சொல்லுங்கள், நடுவர்களிடம் இது எடுபடும். 1993-இல் ஹப்பிள் தொலைநோக்கியை வைத்து, சனியைச் சுற்றி ஹைட்ராக்சில் மூலக்கூறுகள் இருப்பதைக் கண்டார்கள். நீர் உடைந்தால் வருவது அது. கணக்குப் போட்டால், யாரும் எதிர்பார்க்காத அளவுக்கு நீர் எங்கிருந்தோ வந்துகொண்டிருந்தது. எங்கிருந்து என்று பன்னிரண்டு வருடம் தெரியவில்லை. 2005 பிப்ரவரியில் காசினி என்செலடஸைக் கடந்தபோது, அதன் காந்தமானி ஒரு விசித்திரத்தைக் காட்டியது. நிலா இருக்கும் இடத்துக்கு முன்பே, அதைவிடப் பெரிய ஏதோ தடை இருப்பதுபோல் காந்தப்புலக் கோடுகள் வளைந்திருந்தன. காந்தமானிக் குழுவுக்குத் தலைவர் லண்டன் இம்பீரியல் கல்லூரியின் மிஷெல் டோஹர்ட்டி. இன்னும் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும் என்று அந்தக் குழு வற்புறுத்தியது. ஜூலையில் 173 கி.மீ. உயரம் வரை இறக்கினார்கள். தென்துருவத்திலிருந்து ஆவி வருவது உறுதியானது. ஊற்றுகள் தனித்தனியாகத் தெரியும் படங்கள் அந்த நவம்பரில் வந்தன. கேமராவுக்கு முன்பே காட்டிக்கொடுத்தது காந்தம். 'வாயுவுக்கும் காந்தத்துக்கும் என்ன சம்பந்தம்?' என்று கேட்பவருக்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை. மின்னூட்டம் பெற்ற வாயு புலத்தை வளைத்தது, வளைந்த புலம்தான் வாயு இருப்பதைச் சொன்னது.

ஏறிய அயனிகள் கடைசியில் எங்கே போகின்றன? சுழலும் எதிலும் கனமானது வெளியே ஒதுங்கும், வீட்டுக் கிரைண்டரில் மாவு சுவரோரம் ஒதுங்குகிறதே, அப்படி. குளிர்ந்து கனத்த பிளாஸ்மா வெளியே நகர, வெளியிலிருந்து சூடான, மெலிந்த பிளாஸ்மா உள்ளே வருகிறது. வெளியே போனது காந்தமண்டலத்தின் வால் பக்கம் திரண்டு, அவ்வப்போது பெரிய உருண்டையாகப் பிய்ந்துகொண்டு விண்வெளிக்குப் போய்விடுகிறது. போகிற வழியில் டைட்டன் நிலாவுக்கும் கொஞ்சம் ஆக்சிஜன் கிடைக்கிறது. டைட்டனின் வளியில் கார்பன் மோனாக்சைடு இருப்பதற்கு இதுவே நல்ல விளக்கம். ஒருகாலத்தில் கொடுக்கல் வாங்கல் நேர்மாறாக இருக்கும் என்று நினைத்தார்கள். அடர்ந்த வளிமண்டலம் உள்ள டைட்டன்தான் நைட்ரஜனால் சனியின் காந்தமண்டலத்தை நிரப்பும் என்று எதிர்பார்ப்பு. காசினி போய்ப் பார்த்தபோது எங்கும் நீரின் பிள்ளைகள்தான்: ஆக்சிஜன் அயனி, ஹைட்ராக்சில் அயனி, நீர் அயனி, ஹைட்ரோனியம். பெரிய வீட்டுக்காரர் தருவார் என்று பார்த்தால் சின்ன வீட்டுக்காரர் பந்தி வைத்துவிட்டார்.

எல்லாப் பனி நிலாவும் இப்படிப் பீய்ச்சுவதில்லை. வியாழனின் யூரோப்பாவில் ஊற்று உண்டா என்பது இன்னும் தீராத வழக்கு. அங்கே நிச்சயமாக நடப்பது வேறொன்று. வியாழனோடு சுழலும் வேகமான அயனிகளும் எலக்ட்ரான்களும் பனித்தரையை விடாமல் அறைகின்றன, பனி உடைந்து ஹைட்ரஜனும் ஆக்சிஜனுமாகக் கிளம்புகிறது. 2022 செப்டம்பர் 29 அன்று ஜூனோ விண்கலம் 352 கி.மீ. உயரத்தில் கடந்தபோது, யூரோப்பாவிலிருந்து வந்து புதிதாகப் பேருந்தேறிய அயனிகளை நேரடியாகப் பிடித்துப் பார்த்தது. அதிலிருந்து கணக்கிட்ட ஆக்சிஜன் உற்பத்தி விநாடிக்குச் சுமார் 12 கிலோ, நாளைக்கு ஆயிரம் டன் வரும். ஒரு எச்சரிக்கை: வியாழனின் காந்தமண்டலத்தை நிரப்பும் பெரிய முதலாளி 'ஐயோ' (Io) என்ற நிலா, விநாடிக்கு ஏறத்தாழ ஒரு டன். ஆனால் அது எரிமலை நிலா, தருவது கந்தகமும் ஆக்சிஜனும். பனி நிலாக்கள் பட்டியலில் அதைச் சேர்த்து எழுதிவிட வேண்டாம்.

இனி மாடல். உலர்பனி வேண்டாம். அது உறைந்த கரியமில வாயு, மைனஸ் 78 டிகிரியில் இருக்கும் பொருள், வெறும் கையால் தொட்டால் தோல் வெந்ததுபோல் ஆகிவிடும். மூடிய பாட்டிலில் போட்டால் வெடிக்கும். ஜன்னல் திறக்காத அரங்கில் கரியமில வாயு தரையோரம் தேங்கும். பாதுகாப்பை விடுங்கள், அறிவியலும் இடிக்கிறது. உலர்பனிப் புகை கீழே வழியும், என்செலடஸ் ஊற்று ஆயிரக்கணக்கான கி.மீ. எழும்பும். வந்தவர்கள் புகையைப் படம் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள், எலக்ட்ரானை யாரும் கேட்கமாட்டார்கள்.

காட்ட வேண்டியது இரண்டு வேகங்களை. என்செலடஸ் சனியைச் சுற்ற 32.9 மணி, சனி தன்னைச் சுற்ற ஏறத்தாழ 10.6 மணி. மூன்றுக்கு ஒன்று. எஸ்.பி. ரோட்டில் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் 12 வோல்ட் கியர் மோட்டார் கேளுங்கள். நிமிடத்துக்கு 30 சுற்று ஒன்று, 10 சுற்று ஒன்று. கணக்கு கிட்டத்தட்ட அச்சாகப் பொருந்துகிறது.

30 சுற்று மோட்டாரைப் பெட்டிக்குள் வைத்து, அதன் மேல் 20 செ.மீ. ஆரத்தில் தெர்மாகோல் தட்டு. நடுவில் டென்னிஸ் பந்து, சனிக்கு நிறமும் ஒத்துப்போகும். தட்டின் மேல், மையத்திலிருந்து 13 செ.மீ. தூரத்தில் ஒரு வட்டமாக வெல்க்ரோ ஒட்டுங்கள், ஷூவில் கர்ரென்று பிரியுமே, அதில் முரடான பக்கம். இதுதான் ஓடும் பேருந்து. 10 சுற்று மோட்டாரை மரச்சட்டத்தில் மேலிருந்து தொங்கவிட்டு, ஒரு கம்பிக் கையில் நிலாவாக ஒரு கடுகையும், அதே ஆரத்தில் ஒரு கம்பி வளையத்தையும் மாட்டுங்கள். வளையத்தில் கம்பளி நூல் உருண்டைகளை லேசாகச் செருகிவைக்க வேண்டும், ஒவ்வொன்றிலும் மஞ்சள் தலைக் குண்டூசி ஒன்று. உருண்டை நீர் மூலக்கூறு, குண்டூசி எலக்ட்ரான். மகள் ஓர் உருண்டையை எடுத்து, குண்டூசியைப் பிடுங்கிவிட்டு, கீழே வெல்க்ரோ மேல் விடட்டும். வெடுக்கென்று இழுத்துக்கொண்டு ஓடும். நடுவரையே ஒரு தடவை செய்துபார்க்கச் சொல்லலாம். டென்னிஸ் பந்து அளவில் சனி என்றால் உண்மையில் என்செலடஸ் கால் மில்லிமீட்டர்தான், கடுகே பெரிது. 'நிலா பெரிதாக்கிக் காட்டப்பட்டுள்ளது' என்று அட்டையில் எழுதிவிடுங்கள். வெல்க்ரோ காந்தப்புலம் இல்லை, அயனி உண்மையில் வட்டமடிக்கும் என்பதையும் கேட்பதற்கு முன்பே அவள் சொல்லிவிட வேண்டும். மாடலின் குறையைத் தானே சொல்லும் பிள்ளையிடம் நடுவர்கள் அதிகம் துருவுவதில்லை.

ஒரே ஒரு இடத்தில் தடுக்கும். மேலிருந்து தொங்கும் மோட்டார் தலைகீழாக இருப்பதால், இரண்டுக்கும் ஒரே மாதிரி வயர் கொடுத்தால் நிலா ஒரு பக்கமும் தட்டு எதிர்ப்பக்கமும் சுற்றும். மேல் மோட்டாருக்கு மட்டும் சிவப்பு, கறுப்பு வயர்களை இடம் மாற்றிக் கொடுங்கள்.